கரை தடிமனா இருந்தா போதுமா? மதகடி ஈரம், கலங்கல், பனைமரம்

லத்தேரி வாசகர் · செப்டம்பர் 3, காலை 7.20

எங்க ஊர் ஏரி சின்னது. யூனியன் ஏரி, ஆயக்கட்டு (ஏரித்தண்ணி பாயற நிலம்) 100 ஏக்கருக்குள்ள. கரை நீளம் 420 மீட்டர். உயரமான இடத்துல வெளிப்பக்கம் நின்னு பார்த்தா 4 மீட்டர் வரும். மேல டிராக்டர் தாராளமா போகும். ரெண்டு ஓரமும் பனை. ஒரு மதகு, 20 மீட்டர்ல ஒரு கலங்கல் (ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி வழியற கல்சுவர்). போன கார்த்திகையில ஏரி நிரம்பினப்போ வெளிச்சரிவுல, அடியிலிருந்து ஒரு முழ உயரத்துல ஈரம் தெரிஞ்சுது. தண்ணி ஓடல, ஆனா கால் வெச்சா பதியுது. ஊர்ப் பெரியவங்க சொல்றது: "கரை இவ்ளோ தடிமன், பனை வேர் புடிச்சிருக்கு, ஒண்ணும் ஆகாது. அந்த இடத்துல நாலு லோடு களிமண் கொட்டி அமுக்கு, கரையை ஒரு அடி ஒசத்து, போதும்." சரிதானா? பார்க்கணும்னா எதைப் பார்க்கணும்?

மண்வேலை · செப்டம்பர் 3, இரவு 9.05

வெளிப்பக்கம் களிமண் கொட்ட வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

கரைக்குள் தண்ணீர் வருவதைத் தடுக்க வேண்டிய பக்கம் உள்பக்கம். வந்துவிட்ட தண்ணீரை மண் அரிக்காமல் வெளியே விட வேண்டிய பக்கம் வெளிப்பக்கம். வெளியே களிமண்ணால் அடைத்தால் தண்ணீர் நிற்காது, கரைக்குள்ளேயே தேங்கி மட்டம் ஏறும். பிறகு இன்னும் மேலே ஒரு இடத்தில் வரும், அல்லது ஊறிக் கனத்த சரிவு மொத்தமாகச் சரியும். களிமண் உள்ளே, மணல் வெளியே. இந்த வரிசை மாறினால் செய்த வேலை கெடுதலாக முடியும்.

கரையின் மேல் அகலம் எவ்வளவு, வெளிச்சரிவு எவ்வளவு, ஈரம் கரை நெடுக இருக்கிறதா அல்லது ஒரே இடத்திலா என்று அளந்து சொல்லுங்கள்.

லத்தேரி வாசகர் · செப்டம்பர் 5, காலை 6.50

மேல் அகலம் 3 மீட்டர். வெளிச்சரிவு ரெண்டுக்கு ஒண்ணு, உள்சரிவு ஒன்றரைக்கு ஒண்ணு, அலை அரிக்காம அலைகல் பதிச்சது. கலங்கல் தலையிலிருந்து கரை உச்சி 1 மீட்டர்னு பழைய கணக்கு. ஈரம் ஒரே இடத்துலதான் அண்ணா, மதகோட வெளிவாய்ச் சுவருக்கு இடப்பக்கம், 3 மீட்டர் அகலம்.

மண்வேலை · செப்டம்பர் 5, இரவு 10.15

"ஒரே இடத்துலதான்" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

நிரம்பிய ஏரியின் மட்டத்திலிருந்து கரைக்குள் ஈரக்கோடு சரிந்து இறங்கும். நல்ல களிப்பு கலந்த செம்மண் என்றால் 4 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குவதாக நம் பக்கத்துப் பொதுப்பணி வழக்கத்தில் எடுப்பார்கள். மணல் கூடக் கூட அது 5-க்கு 1, 6-க்கு 1 என்று படுத்துக்கொள்ளும். உங்கள் கரையில் தண்ணீர் ஆழம் 3 மீட்டர். தண்ணீர் தொடும் இடத்திலிருந்து வெளி அடி வரை கிடைமட்டத் தூரம்: உள்சரிவில் மிச்சம் 1.5, மேல் அகலம் 3, வெளிச்சரிவு 8. ஆக 12.5 மீட்டர். 4-க்கு 1 என்றால் கோடு 12 மீட்டரில் தரையைத் தொடும், வெளியே ஈரம் தெரியாது. ஆனால் மேலே 1 மீட்டர் மண்ணாவது போர்த்தியிருக்க வேண்டும் என்பது முறை, அடிப்பக்கம் அந்தப் போர்வை உங்களுக்கு இல்லை. 5-க்கு 1 ஆனால் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் ஈரம் தெரியும். 6-க்கு 1 ஆனால் 1.4 மீட்டரில்.

இப்படி வரும் ஈரம் கரையின் உயரமான பகுதி முழுக்கப் பட்டையாகத் தெரியும். காலையில் புல்லின் பச்சை ஒரே கோடாக மாறுவதை வைத்தே கண்டுகொள்ளலாம். உங்களுக்கு மதகை ஒட்டி மட்டும் 3 மீட்டர். அப்படியானால் காரணம் கரையின் தடிமனில் இல்லை, மதகுக் குழாயை ஒட்டித் தண்ணீர் வழி பிடிக்கிறது. மண்ணும் கட்டுமானமும் சேரும் இடம் எப்போதும் பலவீனம். அங்கே மண்ணை இடித்து இறுக்குவது கஷ்டம், சுவரோரம் ஒரு விரல் அளவுக்கு இளகிய மண் நின்றுவிடும். கரை தடிமன் என்பது இந்த வழிக்குப் பதில் ஆகாது.

நீர்க்கட்டி · செப்டம்பர் 6, காலை 5.40

மேலே சொன்னதோட இதைச் சேத்துக்குங்க. ஷட்டரை முழுசா மூடிட்டு வெளிவாய்ல தண்ணி வருதான்னு பாருங்க. வந்தா ரெண்டு காரணம்தான். ஒண்ணு ஷட்டர் சரியா உக்காரல, பலகைக்கும் கல்லுக்கும் நடுவுல சருகோ சின்னக் கல்லோ மாட்டியிருக்கும். இன்னொண்ணு குழாய் நடுவுல விரிஞ்சு கரைத்தண்ணி உள்ள இறங்குது. பிரிச்சுப் பாக்க, உள்பக்கம் மதகு வாய்ல சாயப்பவுடர் கொஞ்சம் கரைச்சு விடுங்க. கொஞ்ச நேரத்துல வெளிய கலரா வந்தா ஷட்டர். தெளிவாவே வந்துட்டு இருந்தா கரைக்குள்ள இருந்து வருது.

ஷட்டர் தண்டு துரு புடிச்சு பாதியில நின்னா, கம்பி மாட்டி மூணு பேர் தொங்கித் திருகாதீங்க. தண்டு முறுக்கிக்கும், அப்புறம் திறக்கவும் முடியாது மூடவும் முடியாது. டீசல் ஊத்தி ஒரு ராத்திரி விட்டு, முன்னும் பின்னுமா கால் சுத்து கால் சுத்தா ஆட்டணும். கிரீஸ் போட்டு, முழுத் திறப்புக்கு எத்தனை சுத்துன்னு சுவர்ல பெயிண்ட்ல எழுதி வைங்க.

மண்வேலை · செப்டம்பர் 6, இரவு 8.30

சரியான சோதனை. அதோடு மதகுக் கோட்டுக்கு நேர் மேலே கரை உச்சியில் நின்று பாருங்கள். தட்டு அளவு பள்ளம், சுற்றிலும் வட்ட விரிசல், அல்லது போன வருஷம் மண் போட்டு நிரப்பிய இடம் திரும்ப உள்வாங்கியது – இதில் எது இருந்தாலும் கீழே மண் போய்க்கொண்டிருக்கிறது. 10 மி.மீ. கம்பி, ஒண்ணே கால் மீட்டர் நீளத்தில் ஒன்று எடுத்து அரை மீட்டருக்கு ஒரு குத்து குத்துங்கள். சுற்றுப்புறத்தில் கை வலிக்க இறங்கும் கம்பி ஒரு இடத்தில் மட்டும் தானாக இறங்கினால் அங்கே கூடு விட்டிருக்கிறது. குத்திய துளைகளை ஈரக் களிமண்ணால் இடித்து அடைத்துவிடுங்கள்.

பொன்னையாறு · செப்டம்பர் 7, பகல் 1.10

எல்லோரும் மதகையே பார்க்கிறீர்கள். மழைக்காலத்தில் சின்ன ஏரிகள் உடைவது பெரும்பாலும் மேலே வழிந்துதான். மண்கரை மேல் தண்ணீர் ஏறினால் வெளிச்சரிவு அடியிலிருந்து பின்னோக்கி அறுத்துக்கொண்டு வரும், பிறகு யாரும் கிட்டப்போக முடியாது. கரை உச்சியின் மட்டம் அளந்தீர்களா? "1 மீட்டர்" என்பது கட்டினபோது இருந்த கணக்கு. மாடு இறங்கும் வழி, டிராக்டர் ஏறும் வழி, கரைமேல் அம்மன் கோயில் முன்னால் தேய்ந்த இடம் எல்லாம் எவ்வளவு? கரையின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரம்தான்.

மண்வேலை · செப்டம்பர் 7, இரவு 9.40

இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். அளக்கும் முறை:

கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாயே போதும். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப், 20 மீட்டர், உள்ளே ஒரு காற்றுக்குமிழி கூட இருக்கக்கூடாது. கலங்கல் தலையைப் பூஜ்யமாக வையுங்கள். அங்கிருந்து 10 மீட்டருக்கு ஒரு முளை, 420 மீட்டருக்கு 43 அளவு. கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்து சரிபாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நடுவில் எங்கோ குமிழி புகுந்திருக்கிறது, திரும்ப அளக்கணும். 10 மீட்டர் முளைக்கு நடுவில் தாழ்வு கண்ணுக்குத் தெரிந்தால் அங்கேயும் ஒரு அளவு எடுங்கள்.

ஏரி நிரம்பியிருந்தால் இன்னும் சுலபம். காற்றில்லாத விடியற்காலையில் தண்ணீர் மட்டமே மட்டப்பலகை. கரை உச்சியிலிருந்து தண்ணீருக்கு எத்தனை செ.மீ. என்று டேப் பிடித்துக்கொண்டே நடக்கலாம்.

லத்தேரி வாசகர் · செப்டம்பர் 9, மாலை 6.30

அளந்தாச்சு. பெரும்பாலும் 95லிருந்து 105 செ.மீ. ஆனா 180வது மீட்டர்கிட்ட டிராக்டர் ஏறுற இடத்துல 55தான். அந்தத் தாழ்வு 12 மீட்டர் நீளம். எங்களுக்கே அதிர்ச்சியா இருக்கு, தினமும் அதுலதான் போறோம், வரோம். கலங்கல் மேல பழைய கல்லு 25 நட்டிருக்கு, ஒவ்வொண்ணும் 20 செ.மீ. அகலம்.

மண்வேலை · செப்டம்பர் 9, இரவு 11.00

இந்த ஒரு எண் உங்கள் முழுத் திட்டத்தையும் மாற்றும்.

கலங்கல் எவ்வளவு தண்ணீர் விடும் என்பதற்கு எளிய கணக்கு: 1.7 × நீளம் × தண்ணீர் உயரம் × அந்த உயரத்தின் வர்க்கமூலம். மீட்டரில் போட்டால் விடை விநாடிக்குக் கனமீட்டர். அலைக்கு 30 செ.மீ. விட்டுவிடணும்.

கரை முழுக்க 1 மீட்டர் இருந்தால் கலங்கல் மேல் 70 செ.மீ. வரை தண்ணீர் ஓடலாம். 1.7 × 20 × 0.7 × 0.837, ஏறக்குறைய 20 கனமீட்டர், 700 கன அடி.

உங்கள் தாழ்ந்த இடம் 55. அலைக்கு 30 போனால் மிச்சம் 25 செ.மீ. 1.7 × 20 × 0.25 × 0.5, வெறும் 4.25 கனமீட்டர், 150 கன அடி.

கலங்கல் அதேதான், கரையில் ஒரு 12 மீட்டர் தேய்ந்ததால் ஏரி தாங்கும் வெள்ளம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. அந்த 12 மீட்டரை நிரப்ப ஓரங்களையும் சேர்த்து 15 கனமீட்டர் போதும், இறுகும் கழிவோடு 7 யூனிட் (யூனிட்டுக்கு 100 கன அடி) மண். கரை முழுக்க ஒரு அடி உயர்த்துவதோ வேறு கதை. மேல் அகலமும் சரிவும் மாறாமல் உயர்த்தணும் என்றால் உயரமான இடத்தில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 5 கனமீட்டருக்கு மேல் மண் வேணும். அதை மிச்சப்படுத்த உச்சியில் மட்டும் குவித்தால் முதல் மழைக்கே ஓரம் உதிரும்.

டிராக்டர் போக வேண்டும் என்றால் போகட்டும். மண் நிரப்பி மேலே கிராவல் 20 செ.மீ. பரப்பி, இரண்டு பக்கமும் ஏற்றத்தை நீட்டி விடுங்கள். வழியை அடைத்தால் பக்கத்தில் இன்னொரு இடத்தில் ஏறுவார்கள்.

பொன்னையாறு · செப்டம்பர் 10, காலை 8.00

கணக்கில் ஒன்று விட்டுப்போச்சு. அந்த 25 கற்கள் 5 மீட்டர் அகலத்தை எடுத்துக்கொள்கின்றன. ஓடும் நீளம் 15தான். 20 கனமீட்டர் இல்லை, 15.

அந்தக் கற்களை நட்டவர்கள் காரணத்தோடுதான் நட்டார்கள். மழைக்காலம் முடிந்து, இனி வெள்ளமில்லை என்று தெரிந்தபின் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகையோ வைக்கோலும் களிமண்ணுமோ வைத்து ஒரு முழம் தண்ணீரை அதிகமாகப் பிடித்துக்கொள்வார்கள். வெள்ளம் வந்தால் பிடுங்கிவிடுவார்கள். இப்போது ஐப்பசியிலேயே மணல் மூட்டை அடுக்குகிறார்கள், எடுக்க ஆள் இல்லை. ஒரு அடி மூட்டை அடுக்கினால் அதே 20 மீட்டரில் 70 செ.மீ. ஓட வேண்டிய தண்ணீர் 40 செ.மீ.தான் ஓடும். 20 கனமீட்டர் 8.6 ஆகிறது. பாதிக்கும் கீழே.

மண்வேலை · செப்டம்பர் 10, இரவு 9.20

திருத்தம் ஒப்புக்கொள்கிறேன், 15தான் சரி. இனி வரும் வெள்ளம் எவ்வளவு என்று பார்க்கணும். தென்னிந்தியாவுக்கென்றே வந்த ரைவ்ஸ் சூத்திரம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கி.மீ.யில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு குணகத்தால் பெருக்கணும். கிழக்குக் கடலிலிருந்து 80 முதல் 160 கி.மீ. வரை 8.5. வேலூர் அதற்குள் வருகிறது. நீர்ப்பிடிப்பு 4 சதுர கி.மீ. என்று வைத்தால் 2.52 × 8.5, 21 கனமீட்டர். உங்கள் பரப்பை வரைபடத்தில் அளந்து போட்டுப் பாருங்கள்.

பொன்னையாறு · செப்டம்பர் 10, இரவு 10.05

மலையடிவார ஏரிக்கு 10.2 போடுவது வழக்கம். அப்படிப் போட்டால் 25.7. லத்தேரி, கே.வி.குப்பம் பக்கம் பாறைக்குன்றுகள், மழை விழுந்த அரைமணியில் ஓடை சிவந்து வரும். 8.5 போட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மேலே இன்னொரு ஏரி இருந்தால் அது உடைந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது.

1903 நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளத்தில் வாணியம்பாடி அழிந்தது. இங்கே ஏரிகள் மாலை மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்திருக்கின்றன. மேல் ஏரியின் கோடித்தண்ணீர், அதாவது கலங்கலில் வழிவது, கீழ் ஏரியின் வரத்து. உங்கள் ஏரியைச் சோதிக்கும்போது மேல் ஏரியின் கரையிலும் ஒரு நடை போய்வாருங்கள்.

மண்வேலை · செப்டம்பர் 11, காலை 6.10

10.2 எடுத்துக்கொள்வதே நல்லது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது, திருப்பத்தூர் மாவட்ட எல்லைக்கு அடுத்த ஊர். 4 சதுர கி.மீ.யில் 50 செ.மீ. என்றால் 20 லட்சம் கனமீட்டர். பாதி ஓடிவந்தாலும் 10 லட்சம். 20 ஹெக்டேர் பரப்பில் சராசரி ஒன்றரை மீட்டர் பிடிக்கும் ஏரியின் கொள்ளளவு 3 லட்சம்தான். அன்றைக்கு ஏரியைக் காப்பது கலங்கல் ஒன்றுதான்.

அதனால் கலங்கலில் பார்க்க வேண்டியது: தலைக்கல் ஒரே மட்டமா, காரை இணைப்பில் சுத்தியலால் தட்டினால் பொத்தல் சத்தம் வருகிறதா, அரசு, ஆல் முளைத்திருக்கிறதா (பிடுங்கினால் துளிர்க்கும், வேரை எடுத்துவிட்டு இணைப்பை அடைக்கணும்), பக்கச்சுவரும் மண்கரையும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா, தண்ணீர் விழும் தளத்தின் கடைசிக்கு அப்பால் பள்ளம் அறுத்திருக்கிறதா. அந்தப் பள்ளம் தளத்துக்கு அடியில் புகுந்தால் தளம் உடையும், பிறகு சுவர் சாயும். பிறகு கோடிக்கால்வாயில் 200 மீட்டராவது நடந்து பாருங்கள். கால்வாயை யாராவது குறுக்கியிருந்தால் தண்ணீர் எதிர்த்து ஏறி கலங்கலையே மூழ்கடிக்கும், மேலே போட்ட கணக்கு செல்லாது.

லத்தேரி வாசகர் · செப்டம்பர் 12, காலை 7.00

பனைமரம் பத்தி யாரும் சொல்லலையே. ஊர்ல அதுதான் பெரிய சண்டை.

நீர்க்கட்டி · செப்டம்பர் 12, காலை 9.30

பனை இருக்கட்டும். சல்லி வேர், மண்ணைப் புடிக்கும். வேலிகாத்தானைத்தான் (சீமைக்கருவேலம்) எடுக்கணும்.

மண்வேலை · செப்டம்பர் 12, இரவு 10.30

பாதி ஒப்புக்கொள்கிறேன். பனைக்கு ஆணிவேர் ஓடாது, சல்லி வேர் மண்ணை அரிப்பிலிருந்து காக்கும். ஆனால் செத்த பனை வேறு. தலை போன மரம் நின்றபடியே மட்கி, அடியில் பானை அளவு குழி விட்டுவிடும். கரையில் உள்ள மொட்டைப் பனைகளை எண்ணுங்கள். அடியோடு எடுத்து, குழியை அகலப்படுத்தி, அடுக்கடுக்காக இடித்து நிரப்பணும். புதுசாக விதை ஊன்றுவதானால் கரைக்கு வெளியே, அடியிலிருந்து சில மீட்டர் தள்ளி ஊன்றுங்கள். மதகுக்கு மேலேயும் அலைகல் பக்கமும் எந்த மரமும் வேண்டாம்.

வேலிகாத்தான் எடுப்பதிலும் கவனம். தரையோடு வெட்டிவிட்டுப் போனால் வேர் உள்ளே மட்கி, கரையின் குறுக்கே குழாய் போட்ட மாதிரி ஆகும். ஜேசிபி விட்டுப் பிடுங்கினால் பத்து அடிக்கு மண் இளகும். இரண்டுமே தப்பு. ஏரி காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் தோண்டி, தடித்த வேர்களைத் தொடர்ந்து போய் எடுத்து, அன்றே நிரப்பணும். இப்போது செப்டம்பர். பெரிய மரங்களைத் தொடாதீர்கள். கரை கண்ணுக்குத் தெரியும்படி புதரை மட்டும் அரிவாளால் வெட்டுங்கள். புதருக்குள் இருக்கும் கசிவைப் பார்க்க முடியாதது வேரைவிடப் பெரிய ஆபத்து.

மண்வேலை · செப்டம்பர் 13, இரவு 8.50

புதர் வெட்டியதும் வளைகள் தெரியும். பெருச்சாளி, நண்டு, கரையான் புற்று. வளையின் வாயை மண்வெட்டியால் மூடிவிட்டு வருவது பயனில்லாத வேலை, உள்ளே கூடு அப்படியே இருக்கும். வளைவாயில் ஒரு குழாயைச் செங்குத்தாக நட்டு, சுற்றிலும் மண்ணால் இறுக்கி, மண்குழம்பை ஊற்றுங்கள். ஒன்பது பங்கு மண், ஒரு பங்கு சிமெண்ட், தோசைமாவைவிடச் சற்று தளர்வு. குழாயில் மட்டம் இறங்காமல் நிற்கும்வரை ஊற்றணும். நீர்மட்டத்தை ஒட்டி உள்சரிவில் வளை, அதற்கு நேரே வெளிச்சரிவிலும் வளை என்றால் குழம்பு போதாது, வெட்டித் திறந்து நிரப்பணும்.

விரிசலையும் இப்போதே பாருங்கள். கரையின் நீளவாக்கில் வருவது பெரும்பாலும் காய்ந்ததாலோ சரிவு நகர்ந்ததாலோ. இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, தலையில் ஆணி வைத்து, வாரம் ஒருமுறை இடைவெளி அளங்கள். பிறை மாதிரி வளைந்து, கீழே அடிப்பக்கம் வீங்கியிருந்தால் சரிவு இறங்குகிறது. கரையின் குறுக்கே வரும் விரிசல் அகலம் குறைவானாலும் மோசம், அது தண்ணீருக்கு நேர்வழி. சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி, வெள்ளைக்கோட்டைத் தொடர்ந்து தோண்டுங்கள். கோடு முடிந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு அடி தோண்டி, ஈரமண்ணை 15 செ.மீ. அடுக்காக இடித்து நிரப்பணும்.

எந்த மண்? ஏரிக்குள் அள்ளும் கறுப்பு வண்டல் வேண்டாம், அது வயலுக்கு நல்லது, கரையில் காய்ந்து வெடிக்கும். களிப்பும் மணலும் கலந்த செம்மண். ஈரம் சரியா என்று பார்க்க உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. தூளானால் தண்ணீர் போதவில்லை, அப்பமாகத் தட்டையானால் அதிகம். மண் எடுக்கும் குழியைக் கரையின் உள்ளடியை ஒட்டித் தோண்ட வேண்டாம். அங்கே படிந்த வண்டல்தான் அடியில் கசிவைத் தடுக்கும் பாய், அதைக் கிழித்தால் கீழுள்ள மணல் திறக்கும்.

லத்தேரி வாசகர் · செப்டம்பர் 15, காலை 6.40

மதகடி ஈரத்துக்கு என்ன செய்யறது அண்ணா? குழாயைத் தோண்டி மாத்த இப்ப நேரமில்ல.

மண்வேலை · செப்டம்பர் 15, இரவு 9.30

நேரமில்லைதான். ஐப்பசி அடைமழைக்கு முன் ஏரிக்கரையை வெட்டித் திறப்பது கூடவே கூடாது. இப்போது இரண்டு வேலை.

உள்பக்கம்: ஏரியில் தண்ணீர் குறைவாக இருக்கும்போதே மதகு வாயைச் சுற்றிச் சுவரோரம் பிளவு இருந்தால் களிமண்ணைக் கையால் திணித்து, கட்டையால் இடித்து அடையுங்கள்.

வெளிப்பக்கம்: ஈரமான 3 மீட்டரையும் சுற்றி ஒவ்வொரு மீட்டர் கூடுதலாக எடுத்து, புல்லைச் செதுக்கி, முதலில் ஆற்றுமணல் 15 செ.மீ., அதன்மேல் சின்ன ஜல்லி 15 செ.மீ., அதன்மேல் 40 மி.மீ. ஜல்லி 20 செ.மீ., கடைசியில் கனத்துக்குக் கல். மண்ணைத் தொடுவது மணலாக இருக்கணும். ஜல்லியை நேரே மண்மேல் போட்டால் மண் அதன் சந்து வழியாக ஓடிவிடும். அடியில் ஒரு சின்னக் கால்வாய் வெட்டி, வரும் தண்ணீரை ஒரு குழாயில் சேர்த்து விடுங்கள். அப்போதுதான் அளக்க முடியும்.

அளக்க 10 லிட்டர் பக்கெட், கைபேசிக் கடிகாரம். பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி, அன்று ஏரி மட்டம் எவ்வளவு, மழை உண்டா – ஒரே நோட்டில் எழுதுங்கள். ஏரி ஏறினால் கசிவு ஏறும், அது இயல்பு. ஏரி அதே மட்டத்தில் நிற்க, கசிவு மட்டும் கூடினால் உள்ளே வழி அகலமாகிறது. திடீரென்று நின்றாலும் சந்தேகப்படணும், வேறு இடத்தில் கிளம்பியிருக்கலாம்.

கசிவு கூடுதலாக இருந்தால் தகரத்தில் செங்கோணமாக வெட்டிய வி-நாட்ச் (V வடிவ வாய்) வைக்கலாம். முனையிலிருந்து தண்ணீர் 3 செ.மீ. நின்றால் விநாடிக்கு 0.2 லிட்டர், 5 செ.மீ. என்றால் 0.8, 7 செ.மீ. என்றால் 1.8.

மண்வேலை · செப்டம்பர் 16, காலை 6.00

நேற்றைய குறிப்பில் ஒரு விடுபாடு. அந்த உயரத்தை வெட்டிய வாயிலேயே அளக்கக்கூடாது, அங்கே தண்ணீர் வளைந்து தாழும். அந்த உயரத்தைப்போல் நாலு மடங்காவது பின்னால் தள்ளி, தண்ணீர் அசையாத இடத்தில் அளக்கணும். வாயில் அளந்தால் கசிவைக் குறைவாகக் கணக்கிட்டு ஏமாறுவோம்.

அளவைவிட முக்கியம் நிறம். கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி அசையாமல் வையுங்கள். அடியில் படிவு இல்லையென்றால் தெளிந்த கசிவு, கண்காணித்தால் போதும். மெல்லிய படிவு இருந்தாலும் ஒவ்வொரு லிட்டரும் கரையிலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்துக்கொண்டு போகிறது. சின்னக் கசிவு கலங்கலாக வருவது பெரிய கசிவு தெளிவாக வருவதைவிட அவசரம்.

நீர்க்கட்டி · செப்டம்பர் 17, காலை 5.50

கசிவு கலங்கலா வந்தா மதகை முழுசா திறந்து ஏரியை இறக்கிடலாம் இல்ல?

மண்வேலை · செப்டம்பர் 17, இரவு 9.10

முதலில் ஆமாம் என்று எழுதவே நினைத்தேன். யோசித்தால் இந்த ஏரிக்கு யோசனை வேறு. சந்தேகமே மதகுக் குழாய் மேல்தான். குழாயில் விரிசல் இருந்து அதை முழுக்கத் திறந்தால் உள்ளே அழுத்தத்தோடு ஓடும் தண்ணீர் அந்த விரிசல் வழியே சுற்றியுள்ள மண்ணைக் கரைக்கும். பாதிக்கும் குறைவாகத் திறந்து, வெளிவாயில் நிறத்தைப் பார்த்தபடி இருங்கள். தண்ணீர் இன்னும் கலங்கினால் மூடுங்கள். வேறு மதகு இருந்தால் அதைத் திறக்கலாம், உங்களுக்கு ஒன்றுதான். அவசரமில்லாத நாளில் ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல் இறக்கவும் வேண்டாம். தண்ணீர் வேகமாக இறங்கினால் ஊறிய உள்சரிவு தாங்கலின்றி அலைகல்லோடு சரியும்.

கரைமேல் குழாய் போட்டு சைஃபன் எடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். 6 அங்குலக் குழாயில் விநாடிக்கு 50 லிட்டர் கிடைத்தால் ஒரு நாளில் 4,300 கனமீட்டர். 20 ஹெக்டேர் ஏரியில் 2 செ.மீ. மட்டம். மழை நாளில் அது போதாது.

கலங்கிய நிறத்தில் ஊற்று மாதிரி மண்ணைக் கொப்பளித்தால் அதைச் சுற்றி மண்மூட்டை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏறவிடுங்கள். மூட்டைகளை முக்கால் பாகமே நிரப்பணும், அப்போதுதான் ஒன்றோடொன்று படியும். தண்ணீர் ஏற ஏற மண் வருவது நிற்கும். அந்த உயரத்தில் ஒரு வாய் விட்டு வழியவிடுங்கள். முழுக்க அடைக்கக்கூடாது. அதே நேரத்தில் கீழே உள்ள வீடுகளுக்குச் சொல்லி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077க்கு அழையுங்கள். கரையை எங்காவது வெட்டிவிடும் யோசனையை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யாதீர்கள்.

பொன்னையாறு · செப்டம்பர் 18, பகல் 12.40

யாரோ வந்து சோதிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம் என்பதற்கு ஒரு தகவல். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளோடு. மழைக்கு முன்னும் பின்னும் கட்டாயச் சோதனை அவற்றுக்குத்தான். 4 மீட்டர் ஏரிக்கரை அந்தச் சட்டத்துக்குள் வராது. காவேரிப்பாக்கம் போன்ற பல்லவர் கால ஏரி இன்றும் நிற்பதென்றால் அது கட்டிய திறமையால் மட்டும் இல்லை, தலைமுறை தலைமுறையாக யாரோ கரைமேல் நடந்து பார்த்ததாலும்தான்.

லத்தேரி வாசகர் · செப்டம்பர் 27, இரவு 7.45

டிராக்டர் வழி நிரப்பியாச்சு, 7 யூனிட்டுக்கு 8 ஆச்சு. பழைய மண்ணைப் படிப்படியா வெட்டி, 15 செ.மீ. அடுக்கா ரோலர் விட்டோம். இப்ப அந்த இடம் 102 செ.மீ. மொட்டைப் பனை 6 இருக்கு, தைக்கு அப்புறம்தான் எடுக்கணும்னு முடிவு. சாயம் விட்டுப் பார்த்தோம், வெளிய கலர் வரல, தெளிவா சொட்டுது. மணல், ஜல்லி போட்டு குழாய் வெச்சாச்சு. ஏரி பாதிதான் இருக்கு, பக்கெட் நிரம்ப 4 நிமிஷம் 10 விநாடி. பாட்டில்ல படிவு இல்ல. கலங்கல்ல மூட்டை அடுக்க மாட்டோம்னு கூட்டத்துல பேசியாச்சு, ஒருத்தர் மட்டும் ஒத்துக்கல.

மண்வேலை · செப்டம்பர் 27, இரவு 10.20

250 விநாடிக்கு 10 லிட்டர், அதாவது விநாடிக்கு 0.04 லிட்டர். இதுதான் உங்கள் அடிப்படை எண், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆனால் சாயம் வராமல் தெளிவாகச் சொட்டுவது குழாய்க்குள் கரைத்தண்ணீர் இறங்குவதைக் காட்டுகிறது. தண்ணீர் வற்றியதும் மாசியில் குழாயைத் திறந்து பார்த்தே ஆகணும், இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஏரி ஒவ்வொரு அடி ஏறும்போதும் ஒரு பாட்டில், ஒரு பக்கெட். கோடி போகும் நாட்களில் காலையும் மாலையும், ராத்திரி டார்ச்சோடு ஒரு முறை. தனியாகப் போகவேண்டாம், இரண்டு பேர்: ஒருவர் கரை உச்சியில், ஒருவர் வெளியடியில், ஒரே வேகத்தில். ஷட்டர் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாதபோது யாரிடம் என்பதையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள்.

ஒத்துக்கொள்ளாதவரை அந்த ராத்திரி நடைக்குக் கூட்டிப்போங்கள். கலங்கல் மேல் தண்ணீர் எத்தனை செ.மீ. ஓடுகிறது என்று அவரே டேப் பிடித்து அளக்கட்டும்.

லத்தேரி வாசகர் · செப்டம்பர் 28, காலை 6.15

சாவி ரெண்டு செய்யச் சொல்லியாச்சு அண்ணா. ஒண்ணு மதகு பக்கத்து வீட்ல.